கோரப்பல்லு வச்சியே, கடிக்க ஆள் வச்சியா?

ஏலே பேராண்டி, நீ வரஞ்சு அனுப்பின படமெல்லாம் வந்து சேந்துது. ஒங்க அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டாந்து ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிக் காமிச்சா. மிக்கி மவுசுக்குக் கோரப்பல்லு. சூப்பர்மேனுக்கு மண்ட பொளந்து மூள வெளிய தொங்குது. பார்பி பொம்மைக்குக் கண்ணு இருக்க வேண்டிய எடத்துல ரெண்டு குழி, குழிக்குள்ள புழு. ஸ்பைடர்மேனுக்கு எட்டுக் காலு, எட்டுலயும் மயிரு. அருமைல, அருமை. பாத்து முடிச்சுட்டு ராத்திரி சாப்பிட உக்காந்தேன், எப்பவும் திங்கதுக்கு மேல ரெண்டு தோச கூடவே எறங்குச்சு.

"எப்படி இருக்கு தாத்தா, யோசன சொல்லுங்க"ன்னு கீழ எழுதியிருந்தியாம். யோசன எங்கிட்ட நெறைய உண்டு, கேக்கத்தான் ஆளு இல்ல. அதனால மொத்தமாத் தாரேன், வாங்கிக்க.

மொத யோசன. இப்ப எப்படி வரையுதியோ அப்படியே வரஞ்சிக்கிட்டு இரு. எவனுக்கும் நோவாது, எவனும் ஒன் வீட்டு வாசல்ல வந்து நிக்க மாட்டான். ரத்தத்தத் தாராளமா ஊத்து. கம்ப்யூட்டருக்குள்ள இருக்க செவப்பு மையி தீரவா போவுது? மண்டையோடு ஒண்ணு போதாதுன்னு தோணுச்சுன்னா நூறு போடு. பனியன்ல அடிச்சு வித்துரு. வாங்குதவன் 'செம'ன்னு சொல்லிட்டுப் போட்டுக்கிடுவான், மூணு தொவைக்கு மண்டையோடு உதுந்துரும், அவனும் மறந்துருவான், நீயும் மறந்துருவ. இதவிட நிம்மதியான பொழப்பு ஒலகத்துல உண்டா?

வழிகாட்டி வேணும்னா அதுக்கும் ஆளு இருக்கு. வின்னி த பூன்னு ஒரு கரடி. இங்கிலாந்துல மில்னேங்கிறவரு 1926-ல எழுதின பிள்ளைங்க புத்தகத்துல வரும். தேன் குடிக்கும், தூங்கும், அதுக்கு மேல ஒரு கெட்ட பழக்கமும் அதுக்குக் கெடையாது. 2022 சனவரி மொத தேதி அமெரிக்காவுல அந்தப் புத்தகத்தோட காப்புரிம முடிஞ்சுது. கரடிய யாரு வேணாலும் அவுத்துட்டுப் போகலாம்னு ஆச்சு. அடுத்த வருசமே படம் வந்துட்டு. கரடியும் பன்னிக்குட்டியும் ஆளுகள அடிச்சுக் கொன்னுக்கிட்டுத் திரியுதுங்க. 'பிளட் அண்ட் ஹனி'ன்னு பேரு. செலவு ஒரு லச்சம் டாலருக்குள்ள, வசூலு அதுக்குப் பல மடங்கு. 2024-ல மோசமான படங்களுக்குன்னே அங்க ஒரு பரிசு குடுக்காங்களே, 'ராஸி'ன்னு, அதுல அஞ்சு வாங்குச்சு. அந்த வருசத்தோட மோசமான படத்துக்கான பரிசும் அதுல அடக்கம். பாத்துக்க, துட்டும் வந்துது, பரிசும் வந்துது.

மிக்கியோட கதையும் அதான். அது மொதல்ல வந்த 'ஸ்டீம்போட் வில்லி' 1928-ல எடுத்த படம். அதுக்கு 2024 சனவரி மொத தேதி காப்புரிம முடிஞ்சுது. அன்னைக்கே எலி மொகமூடி மாட்டின கொலகாரனை வச்சு ஒரு பேய்ப்பட முன்னோட்டம் வெளிய வந்துட்டு. விடியட்டும்னு கூட அவங்களுக்குப் பொறுக்கல. நீ கோரப்பல்லத் தூக்கிக்கிட்டுப் போயி நிக்க வரிசையில ஒனக்கு முன்னால எத்தன பேரு நிக்கான்னு எண்ணிப் பாரு. கூட்டத்தோட கூட்டமா நின்னா யாருக்கும் ஒன் மொகம் தெரியாது. அதுவும் ஒரு பாதுகாப்புத்தான்.

ரெண்டாவது யோசன, இதுதான் முக்கியம். ஒன் தொழில்ல ஒனக்கு முந்தி சில கோட்டிக்காரங்க இருந்திருக்காங்க. ஊரு கொண்டாடுத ஆளயும் ஊரு பயப்படுத பேயையும் ஒரே தாள்ல போட்டவங்கதான், ஆனா போட்டுட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவங்க. அவங்க வழியில நீ போயிரக் கூடாதேன்னுதான் கதயைச் சொல்லுதேன்.

மொத கோட்டி ஜப்பான்காரரு, உத்தகாவா குனியோஷி. 1798 வாக்குல எடோவுல பொறந்தவரு. இன்னைக்கு அந்த ஊருக்கு டோக்கியோன்னு பேரு. அப்பா துணிக்குச் சாயம் போடுதவரு. பயலைக் கொண்டுபோயி டொயோகுனிங்கிற பெரிய ஓவியர்கிட்ட விட்டாங்க. டொயோகுனி பேரெடுத்தது கபுகி நடிகருங்க படத்துல. அந்த ஊருக்கு அன்னைக்குக் கபுகி நாடகந்தான் சினிமா, அச்சடிச்ச நடிகர் படந்தான் போஸ்டர். ஒரு கிண்ணம் நூடுல்ஸ் திங்க ஆவுத காசு இருந்தாப் போதும், தனக்குப் பிடிச்ச நடிகன் கண்ண உருட்டி மொறைக்க படத்த வாங்கிட்டு வந்து வீட்டுல ஒட்டிக்கிடலாம்.

அந்தப் படம் எப்படி வரும்னு நெனைக்க? ஓவியரு மெல்லிசு தாள்ல வரஞ்சு குடுப்பாரு. செதுக்குதவரு அந்தத் தாளக் கவுத்து செர்ரி மரப் பலகையில ஒட்டி, கோடு மட்டும் நிக்கும்படியா மத்ததக் கொத்தி எடுப்பாரு. வரஞ்ச தாளு அதோட போச்சு. ஒவ்வொரு நெறத்துக்கும் தனித்தனிப் பலகை. அச்சடிக்கவரு ஒண்ணுமேல ஒண்ணா மயிரிழை பெசகாம அடிக்கணும். முதலு போடுதவரு வேற ஆளு. இத்தனைக்கும் மேல தணிக்க அதிகாரி முத்திர இல்லாம கடைக்கு வராது. ஒன்ன மாதிரி கன்ட்ரோல் இசட்ட அமுக்கிட்டு மறுபடி வரைய முடியாதுல. அதனால ஒரு கோடு போடுததுக்கு முன்னாடி, இந்தக் கோடு எதுக்குன்னு அவரு யோசிச்சாகணும். பாவம், அந்தக் கஷ்டம் ஒனக்கு இல்ல.

குனியோஷிக்குத் தொடக்கத்துல பொழப்பே ஓடல. பழைய கோரப்பாய் வித்துக் காலத்தத் தள்ளினாருன்னு சொல்லுவாங்க. 1827 வாக்குலதான் அதிர்ஷ்டம் அடிச்சுது. சீனாவுல இருந்து வந்த கொள்ளக்காரங்க கத ஒண்ணு, சுய்கோடென்னு, அப்ப ஊரெல்லாம் படிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. அதுல வார நூத்தியெட்டு வீரங்கள்ல பல பேர எடுத்து, சிலருக்கு ஒடம்பு முழுக்கப் பச்ச குத்தி, ஆள விழுங்குத மாதிரி வரஞ்சு விட்டாரு. படத்தப் பாத்த எளவட்டமெல்லாம் அதே மாதிரி பச்ச குத்திக்கிட அலஞ்சுது. அதோட சும்மா இருந்திருக்கலாம்லா? துட்டு வந்துட்டு, பேரு வந்துட்டு. ஆளு சும்மா இருக்கல.

1841-ல மிசுனோ தடகுனின்னு ஒரு மந்திரி. நாடு கெட்டுக் கெடக்குன்னு கண்டுபிடிச்சாரு. காரணம் என்னன்னும் கண்டுபிடிச்சாரு: சனங்க சந்தோசமா இருக்காங்க. 1842-ல உத்தரவு போட்டாரு. கபுகி நடிகருங்க படம் அச்சடிக்கக் கூடாது. தாசிங்க படம் கூடாது. நாடகக் கொட்டகையெல்லாம் ஊருக்கு ஓரமாப் போகணும். பெரிய நடிகரு ஏழாவது தன்ஜூரோ, அவரு ஆடம்பரமா வாழுதாருன்னு ஊரவிட்டே வெரட்டியாச்சு. குனியோஷி வகையறாவுக்குப் பாதி யாவாரம் படுத்துட்டு.

ஒன்ன மாதிரி புத்திசாலியா இருந்தா என்ன செஞ்சிருப்ப? பூ வரஞ்சிருப்ப, குருவி வரஞ்சிருப்ப. அவரு பேயக் கூட்டிட்டு வந்தாரு.

1843-ல ஒரு படம், மூணு தாளச் சேத்து வச்சுப் பாக்கணும். ராய்கோன்னு பல நூறு வருசத்துக்கு முந்தின வீரன் ஒருத்தன் நோவுல படுத்துக் கெடக்கான். அவனுக்குப் பின்னால ராட்சசச் செலந்தி ஒண்ணு வலைய விரிச்சுக்கிட்டு வருது. காவலுக்கு நாலு வீரங்க. அதுல ரெண்டு பேரு பலகையில காய் வச்சு ஆட்டம் ஆடிக்கிட்டு இருக்காங்க. மேல இருட்டுக்குள்ள பேய்க்கூட்டம் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டைக்கு நிக்குது. எல்லாரும் அறிஞ்ச பழங்கத. தணிக்கக்காரரு முத்திர குத்திட்டாரு.

படம் கடைக்கு வந்துது. ஊரு உத்துப் பாத்துது. காவலுக்கு இருக்க ஒருத்தன் உடுப்புல நீர்ச்செடி எலைச் சின்னம். அது மந்திரி மிசுனோ குடும்பத்துச் சின்னம்லா? அப்பன்னா படுத்துத் தூங்குதது யாரு, நாட்ட ஆளுத ஷோகனா? மேல இருட்டுல நிக்க பேயெல்லாம் யாரு? தடையால பொழப்பு போனவங்க! இது எந்தக் கடக்காரன், அது எந்தக் கூத்துக்காரன்னு ஒவ்வொரு பேய்க்கும் ஆள் கண்டுபிடிச்சு ஊரே விடுகத போட ஆரம்பிச்சுட்டு. முதலு போட்டவருக்கு வயித்தக் கலக்கிட்டு. வித்த தாளத் திரும்ப வாங்கி, பலகையவும் அழிச்சுட்டாரு. குனியோஷி மேல ஒருத்தரும் கை வைக்கல. எதச் சொல்லிப் பிடிக்க? செலந்தியும் பேயும் வரஞ்சது குத்தம்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. அதுல மந்திரியப் பாத்தேன்னு சொல்லணும்னா அதிகாரி வாயாலயே சொல்லணும்.

இதுல ஒனக்கு ஒரு பாடம் இருக்கு பேராண்டி. படம் ஓடுதுன்னு தெரிஞ்சதும் அதப் பாத்து அதே மாதிரி வரஞ்சு வித்தவங்க பின்னால அம்பிட்டு அபராதம் கட்டினாங்க. சுயமா வரஞ்சவரு தப்பிச்சாரு, நகலடிச்சவன் மாட்டினான். மிசுனோவுக்கு அதே வருசம் பதவி போச்சு. பேய்ப்படத்தால இல்ல. எடோவச் சுத்தியும் ஒசாகாவச் சுத்தியும் இருந்த நெலத்தையெல்லாம் அரசாங்கத்துக்கு எடுத்துக்கிடப் பாத்தாரு. நெலத்துல கை வச்சா எந்த ஊருலயும் மந்திரி நிலைக்க மாட்டான். அதச் சொல்லப் படம் தேவையில்ல, எங்கிட்ட கேட்டாலே போதும்.

தட கொஞ்சம் தளந்த காலத்துல, 1847 வாக்குல இன்னொண்ணு போட்டாரு. கிட்டங்கிச் செவத்துல யாரோ வெட்டிப்பய ஆணியால கிறுக்கின மாதிரி, கோணல்மாணலா மூஞ்சிங்க. அது மூக்கு, இது தாடன்னு பாத்ததுமே ரசிகனுக்குத் தெரிஞ்சுபோவும், எந்த நடிகன்னு. நடிகர் படம் வரையக் கூடாதுங்கியே, நான் எங்க வரஞ்சேன், செவத்துலல்லா எவனோ கிறுக்கியிருக்கான்! அந்த மூஞ்சிகளுக்கு நடுவுல ஒரு பூன நிக்குது. தலையில துண்டு, பின்னங்காலு ரெண்டுலயும் எந்திரிச்சு நின்னு ஆட்டம் போடுது. வாலப் பாத்தா நுனியில ரெண்டாப் பிளந்திருக்கு. வயசான பூனைக்கு வாலு பிளந்துட்டுன்னா அது பேயாயிட்டுன்னு அந்த ஊரு நம்பிக்க. நடிகனும் பேயும் ஒரே செவத்துல. நீ சூப்பர்மேன் மண்டையில கோடாலி எறக்கி சாதிக்க நெனைச்சத, அவரு ஒரு வாலு நுனியில முடிச்சுட்டாரு.

எலும்புக்கூடு வரையுத விசயத்துல அவரச் சுத்தமாப் பின்பத்தாத. மசகாடோன்னு பத்தாம் நூத்தாண்டுல அரசை எதுத்து நின்னு செத்த ஒருத்தன். அவன் மவ தகியாஷா, மந்திரக்காரி. அப்பன் இருந்த பாழடஞ்ச அரமனையில இருந்துக்கிட்டுப் பேய எழுப்புதா. இந்தக் கதய 1806-ல சாந்தோ கியோதென்னு ஒரு எழுத்தாளரு புத்தகமாப் போட்டாரு. அதுல வாரது எலும்புக்கூட்டுக் கும்பல். 1840-கள் நடுவுல குனியோஷி அத வரைய உக்காந்தாரு. கும்பலத் தூக்கித் தூரப் போட்டுட்டு, ஒரே ஒரு கூட வச்சாரு. மூணு தாள்ல ரெண்டு தாள அதுவே அடச்சுக்கிட்டு நிக்குது. கிழிஞ்ச மூங்கில் தட்டிய வெரலால ஒதுக்கிட்டு, பின்னால ஒண்ணுமே இல்லாத கறுப்புக்குள்ள இருந்து குனிஞ்சு எட்டிப் பாக்குது. வெலா எலும்பு ஒவ்வொண்ணும் எண்ணிக்கிடலாம், அப்படிச் சரியான எலும்பு. கீழ சண்ட போட்டுக்கிட்டு இருக்க ரெண்டு ஆம்பளைங்க அதோட கைக்கு முன்னால சுண்டக்கா அளவுதான். ஓரத்துல அந்தப் பொண்ணு ஒரு சுருளக் கையில வச்சுக்கிட்டு, படிச்சு ஏவிவிட்டது நான்தான்ங்கிற மாதிரி நிக்கா.

நூறு கூட்டுக்குப் பதிலா ஒண்ண வச்சதுக்கு அவருக்குக் கெடச்சது என்ன? நூத்தியெழுவது வருசத்துக்கு மேல ஆச்சு, அந்தக் கூடு இன்னும் ஓஞ்சு உக்காரல. இருபதாம் நூத்தாண்டுல ஜப்பான்காரங்க 'கஷாடொகுரோ'ன்னு ஒரு ராட்சச எலும்புப் பேயப் புதுசாக் கெளப்பினப்ப, அதுக்கு உருவம் இவரு படத்துல இருந்துதான் போச்சு. காமிக்ஸ்ல ஏறிச்சு, கேமுல ஏறிச்சு, பனியன்லயும் ஏறிட்டு. அத்தன தொவைக்கும் உதுரல. அதான் சொல்லுதேன், ஒனக்கு அந்தத் தல வேதனையெல்லாம் வேண்டாம், நீ நூறே போடு.

அவரப் பத்திக் கடைசியா ஒண்ணு. இது என் சாதி சனத்துக் கத, அதான் விட மனசில்ல. விவசாயி சாதியச் சொல்லுதேன். சோகோரோன்னு ஒரு ஊர்த் தலைவரு, பதினேழாம் நூத்தாண்டு ஆளு. வரி தாங்க முடியலன்னு ஊருக்காக நேரா ஷோகன்கிட்டயே மனு குடுத்தாரு. குடுத்த குத்தத்துக்கு அவரயும் அவரு குடும்பத்தயும் கொன்னுட்டாங்கன்னும், அவரு ஆவியா வந்து பண்ணையாருக் குடும்பத்த ஆட்டி வச்சாருன்னும் கத. 1851-ல பேர மாத்தி இதக் கபுகி நாடகமாப் போட்டாங்க. பேரு அசாகுரா தோகோன்னு ஆச்சு. இச்சிகவா கோதன்ஜிங்கிற நடிகரு ஆவியா வந்தாரு. குனியோஷி அந்தக் கோதன்ஜிய ஆவிக் கோலத்துலயே வரஞ்சாரு. இப்ப பாரு, படத்துல இருக்கது ஊருக்குப் பிடிச்ச நடிகன். அதே படத்துல இருக்கது வரிக்குச் செத்த விவசாயிப் பேயி. ஆசப்பட்டு வாங்கிட்டுப் போயி வீட்டுல ஒட்டுவான். அவன் வீட்டுலயே வரி வாங்குதவன் வந்து உக்காந்தா, செவத்துல இருந்து தோகோ அவனத்தான் பாப்பான். ஒன் மிக்கி யாரப் பாக்கான்? என்னப் பாத்தான். நான் தோச தின்னேன்.

ரெண்டாவது கோட்டிங்க அமெரிக்காவுல. 1983 கிறிஸ்துமஸ் சமயம் அங்க 'கேபேஜ் பேட்ச்'னு ஒரு பொம்மைக்குக் கிறுக்குப் பிடிச்சு ஆடினாங்க. கொழுக்கு மொழுக்குன்னு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரு, கூடவே தத்தெடுத்த பத்திரம். அந்தப் பொம்மைக்காக அப்பன் ஆத்தாளுங்க கடையில ஒருத்தர ஒருத்தர் நெட்டித் தள்ளிச் சண்ட போட்டுக்கிட்டாங்க. 1985-ல புரூக்ளின்ல இருந்த டாப்ஸுங்கிற சூயிங்கம் கம்பெனி 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்'னு ஸ்டிக்கர் விட்டாங்க. அதே கொழுக்கு மொழுக்குப் பிள்ளைங்கதான். ஆனா ஒண்ணுக்கு மூக்கு ஒழுகுது, ஒண்ணு அழுகிப் போயிருக்கு. மொத நம்பர் ஸ்டிக்கர்ல 'நாஸ்டி நிக்', டிராகுலாப் பிள்ளை. கையில ஒரு சின்னப் பொம்பளப் பொம்மய வச்சுக்கிட்டு நிக்கான். எட்டாம் நம்பர்ல 'ஆடம் பாம்'னு ஒருத்தன் பொத்தான அமுக்க, மண்டைக்கு மேல அணுகுண்டுக் காளான் வெடிச்சுக் கெளம்புது. மொத வரிசையில படம் பூராவும் ஜான் பவுண்டுன்னு ஒருத்தரு தீட்டினது. யோசனைக்குப் பின்னால இருந்த கூட்டத்துல ஆர்ட் ஸ்பீகெல்மேனும் உண்டு, நாஜிக்காரன் செஞ்ச கொடுமய எலியும் பூனையுமா வச்சு 'மவுஸ்'னு காமிக்ஸ் போட்டாரே, அவருதான்.

பள்ளிக்கூடமெல்லாம் ஸ்டிக்கருக்குத் தட போட்டுது. வாத்தியாரு பிடுங்கப் பிடுங்கப் பிள்ளைங்க வாங்கிச்சுங்க. பொம்மக் கம்பெனிக்காரன் 1986-ல கோர்ட்டுக்குப் போனான். முடிவுல சமரசமாப் போயி, ஸ்டிக்கர்ப் பிள்ளைங்க மூஞ்சி ஒடம்பையெல்லாம் மாத்தி வரைய வேண்டியதாப் போச்சு. பாத்தியா ஆபத்த? கோர்ட்டு, வக்கீலு. எதனால? வெறும் பேய்ப்பிள்ள வரஞ்சிருந்தா எவனும் ஏன்னு கேட்டிருக்க மாட்டான். அது கடிச்ச எடம் அப்படி. பிள்ளப் பாசத்தப் பத்திரம் போட்டு வித்தவனயும், அத அடிச்சுப் பிடிச்சு வாங்கினவனயும் கடிச்சுது. கடிபட்டவன்தான் கத்துவான்.

மூணாவது கோட்டி மெக்சிகோக்காரரு, ஹோசே குவாதலூப்பே போசாதா. 1852-ல அகுவாஸ்கலியந்தேஸ்ங்கிற ஊருல பொறந்தவரு. 1888-ல வெள்ளம் வந்து லியோன் நகரத்த அடிச்சுட்டுப் போனபொறவு மெக்சிகோ சிட்டிக்கு வந்து, வனேகாஸ் அர்ரோயோன்னு ஒரு அச்சகக்காரர்கிட்ட சோலி பாத்தாரு. ஒரு சென்டாவோக் காசுக்கு விக்குத தெருத்தாளுக்குப் படம் செதுக்குத வேல. கொலச் செய்தியா, அதுக்கு ஒரு படம். மரண தண்டனையா, அதுக்கு ஒரு படம். ரெண்டு தல கன்னுக்குட்டி பொறந்துச்சுன்னா அதுக்கும் ஒண்ணு.

நவம்பர் ரெண்டாம் தேதி அங்க செத்தவங்களுக்கான திருநாள். அன்னைக்கு அந்த ஊருல ஒரு குசும்பு உண்டு. உயிரோட இருக்க பெரிய மனுசனுக்கே இரங்கல் பாட்டு எழுதி, அவன எலும்புக்கூடா வரஞ்சு விப்பாங்க. கலவேரான்னு பேரு. போசாதா அதுல கெட்டி. அரசியல்வாதிய எலும்புக்கூடாக்கினாரு. சைக்கிள்ல போற நாகரிகக்காரங்களயும் எலும்புக்கூடாக்கினாரு. கதையில வார டான் குயிக்சோட்டுக்கும் சத கெடையாது. எலும்புக் குதிர மேல ஏறி மத்தக் கூடுகள முட்டித் தள்ளிக்கிட்டுப் போறான்.

அவரோட பேரு வாங்கின படம் ஒரு பொம்பளத் தல. தலையில அகலத் தொப்பி, தொப்பி நெறைய பூவு, தீக்கோழி எறகு. கீழ பல்லக் காட்டிச் சிரிக்க மண்டையோடு. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே கெடையாது. யாரச் சொல்லுதாரு? சொந்தச் சனத்தப் பாத்து மூக்கப் பொத்திக்கிட்டு, தன்ன ஐரோப்பாக்காரின்னு காட்டிக்கிட்டுத் திரிஞ்ச பொம்பளைங்கள. போர்ஃபிரியோ டியாஸ்னு ஒரு அதிபரு, அவரு ஆட்சியில பாரிஸ் தொப்பிக்குத்தான் மருவாத. எறக உருவினா நீயும் நானும் ஒரே எலும்புதான்னு ஒரு சென்டாவோவுக்குச் சொல்லிட்டாரு. அந்தத் தாளு வெளிய வந்தது 1913-ல. அந்த வருசம் சனவரியிலயே போசாதா போயிச் சேந்துட்டாரு, ஏழைங்க குழியில. பொதைச்ச எடமும் பின்னால இல்லாமப் போச்சு.

இனிதான் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம். 1947-ல தியேகோ ரிவேரான்னு பெரிய ஓவியரு ஒரு செவரு முழுக்க வரஞ்ச படத்துல அந்தத் தலைக்கு ஒடம்பும் உடுப்பும் குடுத்து, பக்கத்துல போசாதாவ நிறுத்தி, அவரு கையில அவ கையக் கோத்து விட்டாரு. கத்ரீனாங்கிற பேரு அவளுக்கு நெலச்சுது. அதுவரைக்கும் மருவாததான். 2015-ல 'ஸ்பெக்டர்'னு ஜேம்ஸ் பாண்டு படம் வந்துது. மெக்சிகோ சிட்டியில எலும்புக்கூட்டு ஊர்வலம் போற மாதிரி அதுல ஒரு காட்சி. அப்படி ஒரு ஊர்வலம் அந்த நகரத்துல நடந்ததே இல்ல. படத்தப் பாத்துட்டு 2016-ல இருந்து நெசமாவே நடத்துதாங்க. 2019-ல பார்பிக் கம்பெனி கத்ரீனா வேசம் போட்ட பொம்ம விட்டுது. வெல 75 டாலரு. வெளிநாட்டு ஆடம்பரத்துக்கு ஆலாப் பறந்தவளக் கேலி பண்ண ஒரு சென்டாவோவுக்குப் போட்ட படம், 75 டாலரு ஆடம்பரமா வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்துட்டு. பல்லு எல்லாம் அப்படியே இருக்கு. கடிதான் போச்சு.

அதனால பேராண்டி, பார்பியப் பேயாக்கினேன்னு நீ பெருமப்பட்டா, பார்பிக் கம்பெனிக்காரன் ஒனக்கு முந்தியே ஆக்கி வித்துட்டான். மிக்கிக்குப் பல்லு வச்சேன்னா, சனவரி மொத தேதியே வச்சுட்டாங்க. போதாக்குறைக்கு இப்ப ஒரு மிசினு வந்திருக்காமே, 'எலிக்குக் கோரப்பல்லு வை'ன்னு எழுதினா ஒரு நிமிசத்துல நாலு படம் தள்ளுதாம். ஒன்னவிட சுத்தமா வச்சிருக்குன்னு ஒங்க அத்த சொல்லுதா. நான் சொல்லல, அவதான் சொன்னா.

நீ ராத்திரி தூக்கம் கெட்டுக் கெடக்கது அந்த மிசின நெனைச்சுத்தான்னு எனக்குத் தெரியும். சம்பளம் பாக்கி வச்சிருக்க அந்த விளம்பரக் கம்பெனிக்காரன நெனைச்சும் கெடக்க. கடன் தவணைக்காரன் போன் அடிச்சா எடுக்காம மெத்தையில கவுத்துப் போடுதியே, அதயும் உங்கம்மா சொன்னா. இம்புட்டுப் பேய ஒன் வீட்டுலயே வச்சுக்கிட்டு, அமெரிக்கா எலியத் தேடிப் போயிப் பல்லு கட்டுதியே, ஒன்ன என்னன்னு சொல்ல? ஊரு எந்த நாயகன் படத்துக்கு மால போடுதோ, அவன எடு. எதப் பாத்தா ஒனக்கு வயித்தக் கலக்குதோ, அத எடு. ரெண்டுக்கும் நடுவுல நெசமா ஒரு பிணக்கு இருக்கான்னு பாரு. இருந்தா ஒட்டு. இல்லன்னா வெறும் பசதான் மிச்சம். படம் வெளிய வந்ததும் எவனாவது ஒருத்தன் 'ஏல, இது என்னயா?'ன்னு கேக்கணும். அப்ப நீ செலந்தியக் கைகாட்டிட்டு ஒதுங்கிக்கிடணும். துட்டு வருமான்னு கேக்காத. போசாதாவுக்கு என்ன வந்துதுன்னு இப்பத்தான் சொன்னேன்.

இல்ல தாத்தா, எனக்கு வம்பு வேண்டாம், பனியன் போதும்னா அதுவும் சரி. மொத யோசன அங்கனயேதான் இருக்கு, எடுத்துக்க. ரத்தம் மட்டும் கொறைக்காத.

பழக்கத்துக்கு ஆள் வேணும்னா என்ன எடுத்துக்க. மெக்சிகோக்காரன் மாதிரி எனக்கொரு கலவேரா போடு, உயிரோட இருக்கும்போதே. செத்தபொறவு தெரு முக்குல கண்ணீர் அஞ்சலி ஒட்டி, படிக்க நானா வரப் போறேன்? மண்டையோட்டுல மீச நிக்காதுன்னு சாக்குச் சொல்லாத, எப்படியாவது நிறுத்து. கீழ நாலு வரி திட்டி எழுது. வெவரம் பத்தலன்னா ஒங்க அத்தைகிட்டக் கேளு, நாலென்ன, நாப்பது வரி சொல்லுவா. அதப் பாத்து எனக்கு நெசமாவே கோவம் வந்துச்சுன்னா, தொழிலு ஒன் கைக்கு வந்துட்டுன்னு வச்சுக்க. அதுக்குப்பொறவு பனியன்ல அடிச்சுக்கோ, நான் தடுக்கல. வித்ததுல பாதிய மாசம் பொறந்ததும் ஒழுங்கா அனுப்பிரு.